தெர்மாகோலும் அட்டையும் கொண்டு போர் விளையாட்டுக் களம்

கேள்வி:
28 மி.மீ. அளவுள்ள சின்னப் போர்வீரர் உருவங்களை வைத்து விளையாட, நான்கடிக்கு நான்கடி அளவில் ஒரு போர்க்களப் பலகையை வீட்டிலுள்ள பொருட்களாலேயே செய்ய விரும்புகிறேன். சென்னையின் ஈரக்காற்றில் அட்டை வளையாமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1:
ஒரு பக்கத்தில் மட்டும் பசை பூசினால், அது காயும்போது சுருங்கி அட்டையை இழுத்து வளைத்துவிடும் என்பதால், இரு பக்கமும் பூசி, கனமான புத்தகங்களின் அடியில் உலரவிடுங்கள். இரண்டடிச் சதுரங்கள் நான்காகச் செய்துகொண்டால் பீரோவுக்குப் பின்னால் அடுக்கிவிடலாம்.

மறுமொழி 2:
குன்றுகளுக்கு, தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் தெர்மாகோலே போதும். ஆனால் அதன்மேல் ஸ்ப்ரே பெயின்ட்டை நேரடியாக அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துவிடும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் செய்தித்தாள் கிழிசல்களை நனைத்து ஒட்டி, முழுவதும் காய்ந்த பின் அக்ரிலிக் வண்ணம் பூசுங்கள். தேங்காய் நாரைப் பச்சை வண்ணத்தில் தோய்த்தால் அருமையான புதர்கள் கிடைக்கும்.

மறுமொழி 3:
தரைக்குக் கடற்கரை மணல் வேண்டாம்; அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். சலித்த கட்டுமான மணலையே தூவுங்கள்.