ஜேமி பென் ஒரு மில்லியனுக்கு இறங்கி வந்தாராம்

நீலக்கோடு:
2025 கோடை. டல்லாஸ் ஸ்டார்ஸ் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக் NHL) கேப்டன் ஜேமி பென்னின் புதிய ஒப்பந்தம் பற்றி இரண்டு நாளாக ஒரே பாட்டு. "9.5 மில்லியன் வாங்கிய கேப்டன் அணிக்காக 1 மில்லியனுக்கு இறங்கி வந்துவிட்டார், இப்படியொரு மனசு யாருக்கு வரும்" என்று இங்கே 'பதினான்கு' என்ற பெயரில் இருப்பவர் எழுத, அதை நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பகிர்ந்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தை அடிவரை படித்தீர்களா? ஓராண்டு. அடிப்படைச் சம்பளம் 1 மில்லியன் டாலர். அதற்கு மேல் போனஸாக 3 மில்லியன் வரை. ஒன்றும் மூன்றும் நான்கு. இனி இதைப் பற்றிப் பேசும்போது 4 என்று எழுதுங்கள்.

பதினான்கு:
போனஸ் என்பது களத்தில் இறங்கிச் சம்பாதிப்பது. உறுதியாகக் கைக்கு வருவது 1. 2025-26இல் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளமே 7,75,000 டாலர், அதற்குக் கொஞ்சம் மேல். 2014-15 சீசனில் 87 புள்ளி (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்து, அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் விருது வாங்கியவர். சீசனின் கடைசி ஆட்டத்தில் நாலு புள்ளி, அதில் கடைசிப் புள்ளி மணி அடிக்கப் பத்து விநாடி கூட இல்லாதபோது. இரண்டாவதாக வந்த டவாரெஸைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். அப்படிப்பட்ட ஆள் இன்று 1 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். யானை படுத்தாலும் குதிரை மட்டம், ஐயா.

நீலக்கோடு:
யானையின் சம்பளம் 4 மில்லியன் என்றுதான் நானும் சொல்கிறேன்.

மூன்றாம்பீரியட்:
கேப் (அணியின் மொத்தச் சம்பள வரம்பு) கணக்கில் ஏறுவது 1தானே? அணிக்கு அதுதானே முக்கியம்? நம் ஆட்டக்காரர் ரான்டனனுக்கு ஆண்டுக்கு 12 மில்லியன், டுஷேனுக்கு 4.5. இடம் பண்ணத்தான் மார்ச்மென்டையே சியாட்டிலுக்கு அனுப்பினார்கள். இந்த நிலைமையில் கேப்டன் 1க்கு வந்தால் அது உதவிதான்.

நீலக்கோடு:
இந்த ஆண்டுக் கணக்கில் 1. அடுத்த ஆண்டுக் கணக்கில்? விதியைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஜூன் 30 அன்று 35 வயது நிறைந்தவருக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டால் இப்படிப் போனஸ் வைக்கலாம். சீசன் முடிந்து கூட்டிப் பார்க்கையில் போனஸால் வரம்பைத் தாண்டியிருந்தால், தாண்டிய தொகை அடுத்த சீசனின் வரம்பில் கழியும். அதாவது கடன். 2026 கோடையில் நம் ஆட்டக்காரர் ராபர்ட்சனுக்கு ஒப்பந்தம் முடிகிறது. அவரிடம் உட்கார்ந்து பேரம் பேசும்போது பென்னின் பழைய பாக்கி மேசைமேல் இருக்கும். "உதவி" என்றீர்களே, அது வட்டிக்கு வாங்கிய உதவி.

பாஸ்டனைப் பாருங்கள். 2022-23இல் அவர்களுடைய கேப்டன் பெர்ஜரானுக்கும் இதே ஓராண்டுக் கதைதான், 2.5 அடிப்படை, 2.5 போனஸ். அதே அணியின் க்ரேச்சிக்கு 1 அடிப்படை, 2 போனஸ். அந்த சீசனில் 65 வெற்றி, அணிகளின் பட்டியலில் 135 புள்ளி, லீக் வரலாற்றிலேயே அதிகம். சீசன் முடிந்து வரும் பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே ஃபுளோரிடாவிடம் ஏழு ஆட்டத்தில் தோற்றுப் போனார்கள். கோடையில் இருவரும் ஓய்வு பெற்றார்கள். அடுத்த சீசனின் கேப்பில் 4.5 மில்லியன் அப்படியே உட்கார்ந்திருந்தது, களத்திலேயே இல்லாத இரண்டு பேருக்காக.

பதினான்கு:
65 வெற்றி பெற்ற அணியைக் காட்டி இந்த முறையே தவறு என்கிறீர்கள். ரொம்ப நன்றி.

நீலக்கோடு:
முதல் சுற்றில் தோற்ற அணியைக் காட்டினேன்.

பழையபனி:
தம்பிகளா, எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். 2010இல் நம் பழைய நட்சத்திரம் மோடானோவுக்கு என்ன ஆனது என்று நினைவிருக்கிறதா? அணி மினசோட்டாவில் இருந்த காலத்திலிருந்து கூட இருந்த மனிதரிடம் "இனி வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். டெட்ராய்ட்டுக்கு ஓராண்டுக்குப் போனார், ஸ்கேட் பட்டு மணிக்கட்டுத் தசைநாண் அறுந்து, 40 ஆட்டத்தோடு முடிந்தது. சிவப்புச் சட்டையில் அவரைப் பார்த்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. பென்னுக்கு அந்தக் கதி வராததே போதும். 1 ஆனால் என்ன, 4 ஆனால் என்ன.

கோல்கம்பம்:
பெரியவரே, அது மோடானோ இல்லை, மொடானோ.

பழையபனி:
அவர் ஆடியதைப் பார்த்தவன் நான். நீங்கள் எழுத்தைப் பாருங்கள்.

நீலக்கோடு:
"1 ஆனால் என்ன, 4 ஆனால் என்ன" என்பதுதான் இங்கே நோயே. 1 என்றால் தியாகம், 4 என்றால் சந்தை விலை. அது வேறு, இது வேறு.

மூன்றாம்பீரியட்:
சந்தை விலையா? 2024-25இல் 80 ஆட்டம், 16 கோல், 49 புள்ளி. வேறு அணிக்குப் போயிருந்தால் 4க்கு மேலேயே கிடைத்திருக்கும். 37 வயது மார்ஷண்டுக்கு ஃபுளோரிடா ஆறு ஆண்டு கொடுத்திருக்கிறது, ஆண்டுக்கு 5.25.

நீலக்கோடு:
மார்ஷண்ட் லீக்கின் ஸ்டான்லி கோப்பையோடு பேரத்துக்கு உட்கார்ந்தார். நம் கேப்டன் இந்த பிளேஆஃபில் 18 ஆட்டம் ஆடி ஒரே ஒரு கோல். ஒன்று! பாருங்கள், ஒன்று என்ற எண் சரியாகப் பொருந்தும் இடம் அதுதான்.

பதினான்கு:
இதைச் சொல்வது யார்? மே மாதம் இதே இடத்தில் "எட்மன்டன் தொடர் ஐந்தே ஆட்டத்தில் முடியும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று மார்தட்டியவர். எழுதி வைத்தேன். எட்மன்டன் நம்மை ஐந்து ஆட்டத்தில் முடித்தது.

நீலக்கோடு:
ஐந்தில் முடியும் என்றேன், ஐந்தில் முடிந்தது. யார் முடிப்பார்கள் என்று நான் எழுதவில்லை. மீண்டும் படிக்கவும்.

கோல்கம்பம்:
ஹாஹா. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தை மட்டும் எல்லாரும் படிக்க வேண்டும், இவருடைய பொடி எழுத்தை யாரும் படிக்கக் கூடாது.

நீலக்கோடு:
கோல்கம்பம், உங்கள் மீது பட்ட பக் (ஐஸ் ஹாக்கியின் ரப்பர் வட்டு) எல்லாம் வெளியேதான் போகும். ஒதுங்குங்கள்.

பெஞ்சிலிருந்து:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஓராண்டு ஒப்பந்தம் சரியா என்பதையும் பேச வேண்டாமா? பிட்ஸ்பர்க் கேப்டன் கிராஸ்பி இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 8.7 வாங்கினார், லாஸ் ஏஞ்சலஸ் கேப்டன் கோப்பிடார் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 7. அவர்களோடு பார்த்தால் டல்லாஸ் ஜாக்கிரதையாகத்தான் நடந்திருக்கிறது. முடியவில்லை என்றால் அடுத்த ஜூனில் கைகுலுக்கி விடலாம்.

நீலக்கோடு:
கிராஸ்பியையும் பென்னையும் ஒரே வாக்கியத்தில் வைக்காதீர்கள், வாக்கியத்துக்கு வலிக்கும். கிராஸ்பி 8.7 என்று வெளிப்படையாக வாங்குகிறார். பிறந்த நாள் ஆகஸ்ட் 7, அதாவது அமெரிக்க முறையில் 8/7, பிறந்த ஆண்டு 87, சட்டை எண் 87, எல்லாம் ஒரே கணக்கு, ஒளிவுமறைவு இல்லை. இங்கே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். பூசணிக்காயின் எடை 3 மில்லியன்.

அப்புறம் "கேப்டன், கேப்டன்" என்று உருகுகிறவர்களுக்கு 2023 மேற்கு இறுதிச் சுற்றை நினைவுபடுத்துகிறேன். வேகாஸோடு மூன்றாவது ஆட்டம். தொடங்கி இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. வேகாஸ் கேப்டன் மார்க் ஸ்டோன் பனியில் மல்லாந்து கிடக்கிறார். நம் கேப்டன் இரண்டு கையாலும் மட்டையைக் குறுக்கே பிடித்து அவர் கழுத்துப் பக்கம் ஒரு இடி. வெளியேற்றம். அந்த ஆட்டம் 4-0 தோல்வி. இரண்டு ஆட்டம் தடை. அவர் இல்லாத அந்த இரண்டு ஆட்டத்தையும் டல்லாஸ் வென்றது. அவர் திரும்பி வந்தார், ஆறாவது ஆட்டம் 6-0 தோல்வி. கேட்டதற்கு, மட்டையை ஊன்றி விழுந்த கதையாகச் சொன்னார். இந்தத் தலைமைக்குத்தான் 4 மில்லியன்.

பதினான்கு:
1.

இரண்டு ஆண்டுக்கு முன் நடந்ததை இன்னும் சுமந்து திரிகிறீர்கள். அந்தத் தொடரில் 3-0 என்று பின்தங்கியது அவர் ஒருவரால்தானா? சோச்சி ஒலிம்பிக் அரையிறுதியில் கனடா அமெரிக்காவுக்கு எதிராக அடித்த ஒரே கோல் யாருடையது? 1-0. பென். 2007இல் டிராஃப்டில் (புதுமுகத் தேர்வில்) ஐந்தாம் சுற்றில் 129ஆவது ஆளாக எடுத்தார்கள். 2013இல் கேப்டன். அதற்குள் எத்தனை பயிற்சியாளர்கள் வந்து போனார்கள், இந்த ஜூனில் பயிற்சியாளர் டிபோயரும் போய்விட்டார். மாறாமல் நின்றது ஒருவர். அந்த ஒருவர் 1 மில்லியனுக்கு நிற்கிறார்.

நீலக்கோடு:
முதல் இரண்டு ஆட்டத்தில் இருந்தார், தோல்வி. மூன்றாவதில் இரண்டு நிமிடம் இருந்தார், தோல்வி. ஆறாவதில் இருந்தார், தோல்வி. இல்லாத இரண்டில் வெற்றி. நான் எதையும் சொல்லவில்லை, எண்கள் சொல்கின்றன. இந்த மே மாதமும் எட்மன்டன் தொடரில், 6-1 என்று தோற்ற ஆட்டத்தில், அவர்களுடைய கேப்டன் மெக்டேவிட் முகத்தில் குத்தி 5,000 டாலர் அபராதம். அதையும் கழியுங்கள். 39,95,000. சரி, இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன், 4 மில்லியன் என்று நான் சொன்னது தவறு.

மூன்றாம்பீரியட்:
போனஸ் முழுவதும் கிடைக்கும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அணி கோப்பை வென்றால்தான் சில பகுதி வரும் என்று வைத்திருக்கலாமே. அப்படி வென்றால் 4 கொடுத்தால்தான் என்ன, 1999க்குப் பிறகு வெல்லவே இல்லையே.

நீலக்கோடு:
வயதான ஆட்டக்காரர்களுக்கு இந்தப் போனஸைப் பொதுவாக எதற்கு வைப்பார்கள்? இத்தனை ஆட்டம் ஆடினால் இவ்வளவு என்று. காயம் படாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் போதும். அது சம்பளமே. பெயர் மட்டும் போனஸ்.

பதினான்கு:
"பொதுவாக"! இப்போது பென்னின் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுப் பொதுவுக்குப் போய்விட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பழையபனி:
அது மோடானோதான். ஒலிபரப்பில் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

கோல்கம்பம்:
நானும் கேட்டேன். மொ. குறில்.

பெஞ்சிலிருந்து:
ஓராண்டு என்பதைப் பற்றி யாருமே பேசப் போவதில்லையா? பேக் புதிதாக வந்திருக்கிறார், இளைஞர் ஜான்ஸ்டன் இருக்கிறார், மூன்றாவது வரிசையில் பென்னுக்கு எத்தனை நிமிடம் கொடுப்பார்கள் என்று

நீலக்கோடு:
பேக் யார்?

பெஞ்சிலிருந்து:
கை தவறிவிட்டது. ஃபாக்ஸாவைச் சொல்ல வந்தேன்.

நீலக்கோடு:
புதிதாக வரவில்லை, திரும்பி வந்திருக்கிறார். டல்லாஸில் முன்பே பல ஆண்டு ஆடியவர். பெயரும் தெரியாது, வரலாறும் தெரியாது, ஆனால் நிமிடக் கணக்கு கேட்கிறார்கள். கணக்கை என்னிடம் விடுங்கள். ஏப்ரலில் வழக்கமான சீசன் முடிந்த மறுநாள் வந்து கூட்டிக் காட்டுகிறேன்.

பதினான்கு:
எந்த ஆண்டு ஏப்ரல் என்றும் சேர்த்து எழுதுங்கள். பிறகு "ஏப்ரல் என்றேன், ஆண்டைச் சொல்லவில்லை" என்பீர்கள்.

நீலக்கோடு:
2026. அன்றைக்கும் 1 என்றுதான் சொல்வீர்கள்.

பதினான்கு:
1 என்பதால் 1 என்பேன்.

கோல்கம்பம்:
பெரியவர் தனிச்செய்தியில் ஒலிபரப்புத் துண்டு அனுப்பியிருக்கிறார். கேட்டேன். மொடானோதான்.