குன்னூர்ல துணி காய மாட்டேங்குது, எந்த டிரையர் வாங்கலாம்?

வணக்கம் மக்களே, நாங்க இருக்கறது குன்னூர், ஐப்பசி மழை புடிச்சுதுன்னா துணி காயற பேச்சே இல்ல, பையனோட ஸ்கூல் ஸ்வெட்டர்ல கைப்பட்டை மட்டும் ஈரம் போகவே போகாது, ஒரே முடை நாத்தம்.

கடைக்காரர் வாஷரும் டிரையரும் ஒண்ணா இருக்கற மெஷின எடுத்துக்கோங்கன்னு சொல்றார், ஆனா அதுல 8 கிலோ துவைச்சா 5 கிலோதான் காயுமாம், மீதிய என்ன என் தலையிலயா காயப்போடறது? தனி டிரையர்லயே வென்டட் டைப்னா ஈரக்காத்து வெளிய போக சுவத்துல ஓட்டை போடணும், வாடகை வீடுங்க, ஓனர் சும்மா விடுவாரா. ஹீட் பம்ப் டைப் டிரையர், அதாவது சூடான காத்த வெளிய விடாம உள்ளயே சுத்தவிட்டு காயவெக்கறது, கரண்ட் கம்மியா இழுக்கும், விலைதான் ஜாஸ்தி, குளிர் ரூம்ல வெச்சா இன்னும் மெதுவா ஓடும்னு வேற சொல்றாங்க.

ஊட்டி, கோத்தகிரி பக்கம் யாராச்சும் வெச்சிருக்கீங்களா? மார்கழி குளிர்ல ஒரு லோடுக்கு எவ்ளோ நேரம் ஆகுது, ஸ்டெபிலைசர் வேணுமா, ரிப்பேர்னா ஆள் மலையேறி வராங்களா இல்ல இழுத்தடிக்கறாங்களா? மாடல் பேரோட சொல்லுங்க ப்ளீஸ்.