தோட்டக் குளத்தில் மோட்டாரை நூல்பாசி அடைக்குது: ஸ்பாஞ்சைக் கழட்டிட்டு ஓட்டலாமா?

கேள்வி: தோட்டக்குளம்_திருப்பூர்

8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம் உள்ள சிமெண்ட் குளமுங்க. கொய் 6, கோல்டு ஃபிஷ் 10 இருக்கு. தண்ணிக்குள்ள போடுற 40 வாட் மோட்டார். அட்டையில் மணிக்கு 2,500 லிட்டர், அதிகபட்ச உயரம் 2.5 மீட்டர்னு போட்டிருக்கு. 4 அடி உயரத்தில் இருக்கிற சின்ன அருவிக்குத் தண்ணி ஏத்துது.

மாசி பிறந்ததிலிருந்து பச்சைத் தலைமுடி மாதிரி பாசி. மோட்டார் முகப்புல இருக்கிற கறுப்பு ஸ்பாஞ்சைச் சுத்திக்குது, மூணு நாளைக்கு ஒருதடவை கழுவ வேண்டியிருக்கு. தண்ணி தெளிவாத்தான் இருக்கு, அடி தெரியுது. வெயில் காலை 9லிருந்து சாயங்காலம் 4 வரை நேரா விழும். போர் தண்ணி, டி.டி.எஸ். (கரைஞ்ச உப்பு) லிட்டருக்கு 1,400 மி.கி. ஸ்பாஞ்சைக் கழட்டிட்டே ஓட்டலாமா? யுவி விளக்கு வாங்கினா தீருமா?

பதில் 1: பெயிண்ட்வாளி

யுவி வாங்காதீங்க. தண்ணி பச்சையா, அடி தெரியாம இருந்தா அது மிதக்குற ஒற்றைச் செல் பாசி. விளக்கைத் தாண்டிப் போகும்போது சாகும். உங்களுக்கு இருக்கிறது கல்லிலும் சுவரிலும் ஒட்டி வளர்ற நூல்பாசி. அது விளக்குப் பக்கமே போகாது. சொல்லப்போனா தண்ணி தெளிவா இருக்கிறதாலதான் வெயில் அடி வரைக்கும் இறங்கி நூல்பாசிக்கு வசதியாகுது.

ஸ்பாஞ்சைச் சும்மா கழட்டிட்டா நூல் நேரா உள்ளே போய் இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற சின்ன விசிறி) தண்டில் சுத்தும். ரோட்டர் நின்னு, காயில் சூடேறி, மோட்டார் போயிடும். ஸ்பாஞ்சை எடுக்கணும், ஆனா அதுக்குப் பதிலா வெளியே பெரிய முன்வடிகட்டி வேணும்.

கணக்கைப் பாருங்க. 2.5 மீட்டர் மோட்டார் 4 அடி ஏத்தும்போது பாதிதான் தரும், சுமார் 1,250 லிட்டர். அதாவது நொடிக்கு 350 மில்லி. முகப்பு ஜாலியில் திறந்த பரப்பு 20 சதுர செ.மீ.ன்னு வெச்சா, தண்ணி நொடிக்கு 17 செ.மீ. வேகத்தில் உள்ளே போகுது. மிதக்குற நூலையெல்லாம் இழுத்து அப்பிக்க இந்த வேகம் தாராளம். பாதி அடைச்சதும் வேகம் ஏறும், இன்னும் இழுக்கும். அதான் முதல் ரெண்டு நாள் ஒண்ணும் தெரியாம மூணாம் நாள் பொசுக்குன்னு நின்னுபோகுது.

20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒண்ணு, மூடியோட. எமல்ஷன் இருந்த வாளின்னா நல்லாச் சுரண்டிக் கழுவி ரெண்டு நாள் வெயிலில் காயவைங்க. பக்கவாட்டில் 6 மி.மீ. பிட்டால் 400 துளை போடுங்க. கீழிருந்து 5 செ.மீ. வரைக்கும், அடியிலும் துளை வேண்டாம், அடிச்சேறு ஏறிடும். 400 துளைன்னா 113 சதுர செ.மீ. வேகம் நொடிக்கு 3 செ.மீ.க்கு இறங்கிடும். துளைக்கு உள்பக்கம் பிசிறு நிக்கும், கத்தியால் சீவிடுங்க, இல்லேன்னா அதுலயே நூல் மாட்டும்.

உள்சுவரைச் சுத்தி 1 அங்குலம் தடிமன் முரட்டு ஃபில்டர் மேட். நைஸ் ஸ்பாஞ்சு வேண்டாம். நடுவுல மோட்டார். மூடியில் ஹோஸுக்கும் ஒயருக்கும் துளை. வெளிப்பக்கம் வெங்காய மூட்டை வலையை ஒரு சுத்து சுத்திக் கயிறு கட்டுங்க. நூல்பாசி இந்த வலையிலதான் அப்பும். வாரம் ஒருதடவை வலையை மட்டும் உருவி உதறிட்டு மாட்டினாப் போதும், வாளியைத் திறக்கவே வேண்டாம். கொசுவலை போட்டுறாதீங்க, ஒரே நாளில் அடைக்கும்.

வாளியைச் செங்கல் மேல வெச்சு, மிதக்காம இருக்க உள்ளே ஒரு கருங்கல். அருவி விழுற இடத்துக்கு எதிர் மூலையில் வையுங்க.

பதில் 2: கொங்குவிவசாயி

இவ்வளவு எதுக்குங்க? மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கொஞ்சம் துணியில கட்டித் தொங்கவிட்டா ரெண்டு நாளில் பாசி செத்துரும். பண்ணைக் குட்டையில் அப்படித்தான் செய்யறாங்க.

பதில் 3: கல்வாழை

அண்ணா, பண்ணைக் குட்டைக் கணக்கு 2,250 லிட்டருக்கு ஆகாதுங்க. மயில்துத்தம் மீனுக்கும் நஞ்சுதான். பாசியைக் கொல்ற அளவுக்கும் மீனைக் கொல்ற அளவுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி தண்ணியோட காரத்தன்மையைப் பொறுத்தது. அதை அளக்காம, துணியில கட்டி எவ்வளவு கரையுதுன்னும் தெரியாம போடுறது குருட்டு வைத்தியம். நத்தை மொத்தமாப் போயிடும், அல்லியும் கருகும்.

அதைவிட மோசம் அடுத்து வர்றது. இவ்வளவு பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகினா தண்ணியில இருக்கிற ஆக்ஸிஜனை அழுகலே தின்னுடும். விடியக்காலை மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்கும், முதலில் பெரிய கொய்தான் சாகும். செத்த பாசி துண்டு துண்டாப் பிரிஞ்சு மோட்டாரை முன்னைவிட அதிகமாவும் அடைக்கும்.

கையால எடுக்கிறதுதான் வழி. புது டாய்லெட் பிரஷ் ஒண்ணை நீளக் குச்சியில் கட்டி, பாசிக்குள்ள விட்டு ஒரே திசையில் திருப்புங்க. நூல்கண்டு மாதிரி சுத்திக்கிட்டு வரும், இழுத்தா அடியோட பிரியும். மோட்டாரை நிறுத்திட்டுச் செய்யுங்க, பிய்ஞ்ச துண்டு அங்கே போகாது. ஒரே நாளில் முழுசும் எடுக்காம ரெண்டு மூணு தவணையா எடுங்க.

எடுத்ததைக் கரையில போடாதீங்க, மழை பேஞ்சா சத்து திரும்பக் குளத்துக்கே போகும். உரக்குழிக்குப் போகட்டும். பாசியும் செடியும் தின்ன சத்து, அதைக் குளத்தை விட்டு வெளியே எடுத்தாத்தான் குறையும்.

பதில் 4: மீன்தீனி_கணக்கு

வாளி மோட்டாரைக் காப்பாத்தும், பாசியைக் குறைக்காது. பாசிக்கு மூணு வேணும்: வெயில், நைட்ரேட், பாஸ்பேட். உங்ககிட்ட மூணும் தாராளமா இருக்கு.

2,250 லிட்டருக்கு 6 கொய்யே அதிகம், கூட 10 கோல்டு ஃபிஷ் வேற. கொய் ஒரு அடிக்கு மேல வளரும். நாலையாவது யாருக்காவது கொடுத்துடுங்க. தீனி ஒருநாளைக்கு ரெண்டு வேளை, மூணு நிமிஷத்தில் தின்னு முடிக்கிற அளவு. மிச்சம் மிதந்தா வலையால எடுத்துடணும்.

அடுத்தது தண்ணி. ஆவியாகிற அளவுக்குப் போர் தண்ணி ஊத்திட்டு "தண்ணி மாத்திட்டேன்"னு நினைக்கிறதுதான் நிறைய பேர் செய்ற தப்பு. ஆவியாகிறது வெறும் தண்ணி, உப்பு குளத்திலேயே நிக்கும். ஒருநாளைக்கு 20 லிட்டர் ஆவியாகி அதே அளவு 1,400 டி.டி.எஸ். தண்ணி விட்டா, தினம் 28 கிராம், மாசம் 840 கிராம் உப்பு குளத்தில் சேருது. போர் தண்ணியில நைட்ரேட் இருந்தா அதுவும் கூடவே ஏறும். வாரம் 225 லிட்டரை அடியிலிருந்து ஹோஸ் வெச்சு உறிஞ்சி வெளியேத்துங்க, தென்னைக்கோ வாழைக்கோ விடுங்க. மழைத்தண்ணி பிடிச்சு வெச்சிருந்தா அதை ஊத்துறது உத்தமம். குழாய்த் தண்ணின்னா குளோரின் போக 200 லிட்டருக்கு 2 கிராம் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்).

குளத்தோரத் தொட்டிச் செடிக்கு மண்புழு உரம், பஞ்சகவ்யம் ஊத்துறீங்களான்னு பாருங்க. வழிஞ்சு குளத்துக்குள்ள வந்தா பாசிக்கு விருந்து. கரை, தரைமட்டத்தைவிட 3 அங்குலமாவது உயரமா இருக்கணும்.

வெயிலுக்கு: பரப்பில் பாதி மூடணும். ரெண்டு தொட்டி அல்லி, மீதிக்கு மிதக்கும் செடி. நர்சரியில் ஆகாயத்தாமரைன்னு கேட்டா சிலர் முட்டைக்கோஸ் மாதிரி விரிஞ்சதைக் கொடுப்பாங்க, சிலர் ஊதாப்பூ வெங்காயத்தாமரையைக் கொடுப்பாங்க. ரெண்டும் சத்தை உறிஞ்சும், ரெண்டும் கட்டுக்கடங்காம பெருகும். வாரம் ஒருதடவை கால்வாசியை அள்ளுங்க, ஏரியிலோ வாய்க்காலிலோ மட்டும் கொட்டாதீங்க. கொய் வேரைக் கொறிக்கும், அதனால பி.வி.சி. பைப்பில் வளையம் செஞ்சு வலை கட்டி அதுக்குள்ள விடுங்க. செடி பரவுற வரைக்கும் 50 சதவீத ஷேட் நெட்டை 6 அடி உயரத்தில் கட்டினா ரெண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

தோட்டக்குளம்_திருப்பூர்

நன்றிங்க. ரெண்டு சந்தேகம். கரண்ட் மிச்சம்னு ராத்திரி மோட்டாரை நிறுத்தறேன், சரியா? ஸ்பாஞ்சைக் கழுவினாலும் தண்ணி பழைய வேகத்துக்கு வரமாட்டேங்குது, மோட்டார் போயிடுச்சா?

பதில் 5: பெயிண்ட்வாளி

ராத்திரிதான் ஓடியே ஆகணும். பகலில் ஆக்ஸிஜன் விடுற பாசி, இருட்டினா மீனோட சேர்ந்து அதையே எடுத்துக்கும். விடியறதுக்கு முன்னாடிதான் ஆக்ஸிஜன் ரொம்பக் குறைவு. 40 வாட் 24 மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குள்ளதான்.

மோட்டார் போயிருக்காது, போர் தண்ணி உப்பு படிஞ்சிருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் கையைத் தண்ணியில விடணும். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) இல்லேன்னா முதலில் அதைப் போடுங்க.

முன்மூடியைத் திருப்பினா கழலும். இம்பெல்லரைப் பிடிச்சு நேரா இழுங்க, காந்தம் கொஞ்சம் எதிர்த்து இழுக்கும். சாய்க்காதீங்க, உள்ளே இருக்கிற செராமிக் தண்டு சாக்பீஸ் மாதிரி ஒடியும். தண்டோட ரெண்டு முனையிலும் மிளகளவு ரப்பர் புஷ் இருக்கும். கழுவும்போது தொலையிறது அதுதான், அது இல்லாம போட்டா மோட்டார் கடகடன்னு சத்தம் போடும். அதனால கிண்ணத்துக்கு மேல வெச்சுக் கழட்டுங்க.

ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைச்சு, இம்பெல்லரை ஒரு மணி நேரம் ஊறவைங்க. நுரைச்சு வந்தா அது சுண்ணாம்புப் படிவு. மோட்டார் குழிக்குள்ளயும் அதே கரைசலை ஊத்தி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ங்க. பாத்ரூம் ஆசிட், சோப்பு ரெண்டும் கூடாது. நல்லா அலசிட்டு மாட்டுங்க. ஆனா வாளியில இருக்கிற ஃபில்டர் மேட்டைக் குளத்துத் தண்ணியிலயே அலசுங்க. குழாய்த் தண்ணி குளோரின் அதில் வாழ்ற நல்ல பாக்டீரியாவைக் கொன்னுடும்.

மாட்டினதும் அருவிக்குக் கீழ 10 லிட்டர் பக்கெட்டைப் பிடிச்சு நொடியை எண்ணுங்க. 36,000-ஐ நொடியால் வகுத்தா மணிக்கு எத்தனை லிட்டர்னு வரும். 29 நொடின்னா 1,240, உங்க மோட்டாருக்கு அது சரியான அளவு. சுவரில் எழுதி வைங்க. 43 நொடியைத் தாண்டினா வலையை உதறுங்க. வலை சுத்தமா இருந்தும் நொடி குறையலேன்னா இம்பெல்லரைத் திறங்க.