நாகர்கோவில் வடசேரி தண்ணீர் ஆய்வு: ஆள் எண்ணிக்கையை எப்படிக் கணிப்பது?

வடசேரி பகுதியில் மக்கள்தொகை பெருகியதற்கும் குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கும் உள்ள தொடர்பை ஆய்வு செய்கிறோம். தண்ணீர் அளவு கையில் இருக்கிறது. ஆள் எண்ணிக்கைதான் சிக்கவில்லை. அது இல்லாமல் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று வகுக்க முடியாது, 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுகோலோடு ஒப்பிடவும் முடியாது.

நாகர்கோவிலின் மக்கள்தொகை 2001-ல் 2,08,179, 2011-ல் 2,24,849. பத்தாண்டு வளர்ச்சி 8 சதவீதம்தான். இதையே நீட்டிக்கொண்டு போனால், தோட்டமும் கிணறும் இருந்த மனைகளில் எழுந்த அடுக்குமாடிகள் கணக்கில் வராது. போதாததற்கு வார்டு எல்லைகளும் மாறிவிட்டன.

ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தோம்: வாடகைக்காரர்கள் பலரின் கார்டு சொந்த ஊரில் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் 18 வயதுக்குக் கீழே யாரும் இல்லை. மின் இணைப்பை எண்ணினால் ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர். வளைகுடாவில் இருப்பவர்களின் பூட்டிய வீடும் சேர்ந்துவிடுகிறது.

தண்ணீரைப் பொறுத்தவரை, 20 லிட்டர் வாளி நிரம்பும் நேரத்தைத் தெருவின் தொடக்கத்திலும் கடைசியிலும் எடுத்தோம். யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் கடைசி வீட்டில் நூல்போலத்தான் வருகிறது. அது அழுத்தக் குறைவு; பழியை ஆள்பெருக்கத்தின் மேல் போடக் கூடாது. அந்த அளவுகளைத் தனியே வைத்திருக்கிறோம். கிணற்று மட்டம், காலையில் மோட்டார் போடும் முன் டேப் இறக்கி எடுத்தது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் மார்ச், ஏப்ரல் அளவுகளை மட்டுமே ஒப்பிடுகிறோம்.

2011-க்குப் பிறகான ஆள் எண்ணிக்கையைத் தெரு அளவில் மதிப்பிட, இந்த ஆவணங்களில் எதை அடிப்படையாக வைத்து, எப்படித் திருத்தினால் சரியாக வரும்?