சந்தேகம்: ஏர் பிஸ்டலிலிருந்து .22-க்கு மாறுகிறேன், முதல் பிஸ்டல் எதைப் பார்த்து வாங்குவது?

புதுக்கை:
எல்லோருக்கும் வணக்கம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டுக்கொண்டிருக்கிறேன். இனி 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டலும் சேர்த்துப் பழகலாம் என்று கோச் சொல்லிவிட்டார். லைசென்ஸ் வேலையெல்லாம் முடிந்தது. சொந்தமாக ஒரு .22 எல்ஆர் (.22 லாங் ரைஃபிள் தோட்டா சுடும்) பிஸ்டல் வாங்க வேண்டும்.

கிளப்பில் மூன்று விதம் சுட்டுப் பார்த்தேன். ஒன்று, ஸ்லைடு முழுக்கப் பின்னால் போய்வரும் சின்ன பிஸ்டல். கைக்கு அடக்கமாக இருந்தது, ஆனால் குண்டுகள் டார்கெட் முழுக்கச் சிதறின. இரண்டாவது, பேரல் அசையாமல் உள்ளே போல்ட் மட்டும் ஓடும் வகை. நிதானமாக நின்றது, ட்ரிகர்தான் ரொம்பக் கனம். மூன்றாவது, மரக் கைப்பிடி வைத்த மேட்ச் பிஸ்டல், அதாவது போட்டிக்கென்றே செய்தது. ட்ரிகர் அருமை, ஆனால் கைப்பிடி என் கைக்குப் பெரிசு, உள்ளங்கைக்குள் ஆடுகிறது.

மூன்றிலும் ஒரு பொதுப் பிரச்சினை. வலது கையால் சுடுகிறேன், முக்கால்வாசி குண்டும் கீழே இடதுபக்கம்தான் விழுகிறது. ஏர் பிஸ்டலில் இப்படி இல்லை. சைட் (குறிபார்க்கும் பாகம்) சரியில்லையா, நானா? இன்னொன்று: ஒரு பிஸ்டலில் அவ்வப்போது டிக் என்று அடித்துவிட்டு ரவுண்டு (தோட்டா) வெடிக்கவே இல்லை. அந்த வகையை வாங்கலாமா?

25மீட்டர்:
முதலில் போட்டி விதியைப் பார்த்துவிடுங்கள், பாதி மாடல் அதிலேயே கழிந்துவிடும். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) 25 மீட்டர் போட்டிக்கு .22 பிஸ்டல் 300 × 150 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1400 கிராமுக்குள், பேரல் 153 மி.மீ.-க்குள், முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 220 மி.மீ.-க்குள். ட்ரிகர் குறைந்தது 1000 கிராம் எடையைத் தொங்கவிட்டாலும் விடுபடாமல் தாங்க வேண்டும். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) கூடாது, திறந்த சைட் மட்டும்தான். ரூகர் மார்க் 4 டார்கெட் 5.5 அங்குல பேரலோடு வந்தால் அது 140 மி.மீ., பேரல் நீளத்தில் பிரச்சினை இல்லை. அதே குடும்பத்தில் 6.88 அங்குலம் வாங்கினால் 175 மி.மீ. ஆகிவிடும், போட்டிக்கு எடுத்துப் போக முடியாது. வெறும் பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் என்றால் இதெல்லாம் தேவையில்லை. ஆனால் கோச்சே 25 மீட்டர் என்று சொன்ன பிறகு விதிக்கு வெளியே வாங்குவது வீண்.

துல்லியத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். 25 மீட்டர் பிரசிஷன் (நிதானமாகச் சுடும் பகுதி) டார்கெட்டில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. ஏர் பிஸ்டலில் 10 மீட்டரில் 11.5 மி.மீ. கோணக் கணக்கு போட்டால் நீங்கள் இப்போது சுடும் பத்துதான் சின்னது! உருப்படியான எந்த டார்கெட் பிஸ்டலும், ஒத்துப்போகும் தோட்டா கிடைத்தால், தாங்குகட்டை மேல் வைத்துச் சுடும்போது அந்த 50 மி.மீ.-க்குள் நிற்கும். ஆக, காசு கொடுத்து வாங்க வேண்டியது ட்ரிகரையும் கைப்பிடியையும்தான்.

ரேஞ்ச்வாசி:
கீழே இடதுபக்கம் என்று சொன்னதும் எனக்குச் சந்தேகமே இல்லை, சைட்டைத் தொடாதீர்கள். மூன்று பிஸ்டலிலும் ஒரே இடத்தில் விழுகிறது என்றால் மூன்று சைட்டும் ஒரே மாதிரி கெட்டிருக்காது. ஏர் பிஸ்டலில் இல்லாத சத்தமும் உதையும் .22-ல் இருக்கிறது. வெடிக்கப்போகிறது என்று கை முன்கூட்டியே இறுகி, மணிக்கட்டு கீழே அழுத்துகிறது.

கண்டுபிடிக்க ஒரு வழி. மேகசினில் நாலு ரவுண்டோடு ஒரு டம்மி ரவுண்டை (வெடிக்காத போலித் தோட்டா) கலந்து, எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் கோச்சை நிரப்பித் தரச் சொல்லுங்கள். டம்மி வரும்போது முன் சைட்டை மட்டும் பாருங்கள். அப்படியே நின்றால் குறை வேறு எங்கோ. அந்த சைட் சட்டென்று கீழே குனிந்தால் விடை கிடைத்துவிட்டது. காதுக்குள் அடைப்பான், அதன் மேல் மஃப், இரண்டும் சேர்த்துப் போடுங்கள். சத்தம் குறைந்தாலே பாதி திடுக்கிடல் போய்விடும்.

வெடிக்காத ரவுண்டுக்கு வருகிறேன். ரிம்ஃபயரில் (.22 இந்த வகைதான்) தீமூட்டும் கலவை தோட்டாவின் விளிம்புக்குள் சுற்றிலும் பூசப்பட்டிருக்கும். ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அடிக்கும் இடத்தில் பூச்சு இல்லாவிட்டால் வெடிக்காது. தோட்டாவின் நடுவில் அடிக்கும் சென்டர்ஃபயரைவிட இது அடிக்கடி நடப்பதற்குக் காரணமே இதுதான். டிக் என்றதும் பிஸ்டலை டார்கெட் பக்கமே நீட்டி 30 விநாடி அசையாமல் இருங்கள், தாமதமாக வெடிக்கலாம். பிறகு எடுத்து விளிம்பைப் பாருங்கள். தழும்பு ஆழமாகப் பதிந்திருந்தால் பெரும்பாலும் தோட்டாவின் குறை. திருப்பிப் போட்டு வேறு இடத்தில் அடித்தால் வெடித்துவிடும். தழும்பு மங்கலாக இருந்தால் பிஸ்டலில்தான் ஏதோ இருக்கிறது: ஃபயரிங் பின் ஓடும் பாதையில் அழுக்கு, தளர்ந்த ஸ்பிரிங், அல்லது சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) மெழுகும் கரியும் வளையமாகப் படிந்து ரவுண்டு முழுசாக உட்காராமல் இருப்பது. கடைசிக் காரணம் கிளப் பிஸ்டல்களில் சர்வசாதாரணம். சேம்பரை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தாலே தீரும். அதற்காக அந்த வகையையே ஒதுக்க வேண்டாம்.

ஒன்றே ஒன்று, இதில் விளையாட்டு கூடாது: டிக் இல்லாமல் புஸ் என்று மெலிந்த சத்தம் வந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். காலி செய்து, பேரலுக்குள் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது.

மரப்பிடி:
கைப்பிடி விஷயத்தை யாரும் தொடவில்லையே. என் கணக்கில் அதுதான் முதலிடம்.

காலி பிஸ்டலை எடுத்து டார்கெட்டைப் பார்த்து நில்லுங்கள். கண்ணை மூடி, பழக்கப்படி கையை உயர்த்தி, பிறகு திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் வந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வலதுபக்கமே ஒதுங்கி நின்றால் கைப்பிடி உங்கள் கைக்கு ஆகவில்லை. நீங்கள் மணிக்கட்டால் சரிக்கட்டுவீர்கள், அவசரத்தில் அது கைவிடும். ஆள்காட்டி விரலையும் பாருங்கள். நுனிச்சதை ட்ரிகரில் படும்போது விரலின் மற்ற பகுதி பிஸ்டலின் உடம்பில் உரசக் கூடாது. கை சின்னதாக இருந்து கைப்பிடி தடிமனாக இருந்தால் விரல் எட்டாமல் பக்கவாட்டில் தள்ளும், அதுவும் இடதுபக்கம் இழுக்கும். ரேஞ்ச்வாசி சொன்னதோடு இதுவும் சேர்ந்திருக்கலாம்.

பார்டினி, மொரினி, ஃபைன்வெர்க்பாவ் மாதிரி மேட்ச் பிஸ்டல்களில் கைப்பிடி அளவு அளவாக வரும். பெரிசு என்று அந்தப் பிஸ்டலையே கைவிடாதீர்கள், சின்ன அளவு கேளுங்கள். மீதியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, குழிவான இடத்தில் மரப்புட்டி அப்பிச் சரிசெய்யலாம். ராவும் முன் சுட்டு முடித்த கையின் உள்ளங்கையைப் பாருங்கள், எங்கே சிவந்திருக்கிறதோ அங்கேதான் அழுத்துகிறது. கீழே கை தாங்கும் தட்டை மேலேற்றி இறுக்கக் கூடாது. கை வலிக்கும், பிடியும் மாறும்.

புதுக்கை:
டம்மி போட்டுப் பார்த்தோம். முன் சைட் நன்றாகவே குனிந்தது, கோச்சும் பார்த்தார். விரலும் உடம்பில் உரசுகிறது. இரண்டு குறையும் இருக்கிறது! அப்படியானால் மலிவாக ஒன்றை வாங்கி இதைத் திருத்திக்கொண்டு, பிறகு மேட்ச் பிஸ்டலுக்குப் போவதுதான் முறையா?

25மீட்டர்:
உங்கள் விஷயத்தில் அப்படி நான் சொல்ல மாட்டேன். ஏர் பிஸ்டலில் 500 கிராம் ட்ரிகருக்குப் பழகிய விரல். சாதாரண டார்கெட் பிஸ்டல்கள் பலவற்றில் ட்ரிகர் 2 கிலோவை ஒட்டி வரும். அதை இழுக்கப் பழகி, மறுபடி 1000 கிராமுக்கு வருவது இரட்டை வேலை. ரேபிட் (வேகமாகச் சுடும்) பகுதியில் டார்கெட் 3 விநாடிதான் திரும்பி நிற்கும், 7 விநாடி மறைந்திருக்கும். அந்த 3 விநாடிக்குள் கையை உயர்த்திச் சுட வேண்டும். கனமான ட்ரிகரோடு அங்கே போராட வேண்டாம். காசு எட்டினால் பழைய மேட்ச் பிஸ்டல் ஒன்று தேடுங்கள். ஸ்பிரிங்கும் எக்ஸ்ட்ராக்டரும் (சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) மாற்றக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

ரேஞ்ச்வாசி:
இதில் நான் மாறுபடுகிறேன். திடுக்கிடல் தீருவதற்கு நிறைய ரவுண்டு சுட வேண்டும், நிறைய வெறும் ட்ரிகரும் இழுக்க வேண்டும். ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க் வகை அதற்குத் தோதான உழைப்பாளிகள். சைட் அசையாத பேரலோடு சேர்ந்திருப்பதால் குறி மாறாது. மார்க் 4-ஐ ஒரு பட்டனை அழுத்தித் திறந்து, பின்பக்கமிருந்தே சுத்தம் செய்யலாம், பேரல் முனை கெடாது. பக் மார்க்கில் மேல்பக்கத் திருகுகள் தளர்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள், தளர்ந்தால் குண்டு சிதறும். வெறும் ட்ரிகர் இழுப்பதற்கு முன் கையேட்டைப் படியுங்கள்: பல ரிம்ஃபயர்களில் ஃபயரிங் பின் நேராகச் சேம்பர் விளிம்பில் மோதி அதை நசுக்கும். மார்க் 4-ல் ஃபயரிங் பின்னைத் தடுக்கும் ஊசி அதன் இடத்தில் இருந்தால் தாராளமாக இழுக்கலாம்.

மரப்பிடி:
எது வாங்கினாலும் தோட்டாவை முதலிலேயே பெட்டி பெட்டியாக வாங்கிக் குவிக்காதீர்கள். மேட்ச் பிஸ்டல்கள் ஒலி வேகத்துக்குக் குறைவான ஸ்டாண்டர்ட் வெலாசிட்டிக்கு அமைத்தவை. ஸ்லைடு வகைகளில் சில, வேகத் தோட்டா இல்லாவிட்டால் அடுத்த ரவுண்டை ஏற்றவே ஏற்றாது. நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 25 மீட்டரில் தாங்குகட்டை மேல் வைத்துச் சுடுங்கள். நெருக்கமாக விழுவதும் சிக்காமல் ஓடுவதும் எதுவோ, அதே லாட் எண்ணில் (ஒரே தொகுதியில் தயாரானதில்) மொத்தமாக வாங்குங்கள். ஈயக் குண்டு என்பதால் சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ரேஞ்சுக்குள் எதுவும் சாப்பிட வேண்டாம்.

புதுக்கை:
கோச்சிடம் உங்கள் இரண்டு யோசனைகளையும் சொன்னேன். கிளப்பில் இருக்கும் போல்ட் வகையை டம்மி பயிற்சிக்கு எனக்கே ஒதுக்கித் தருகிறேன் என்றார். அதனால் கையிலிருக்கும் காசை முழுசாகப் பழைய மேட்ச் பிஸ்டலுக்கே வைக்கிறேன், சின்னக் கைப்பிடியோடு. இரண்டு இடத்தில் விசாரித்திருக்கிறேன். ட்ரிகர் 1000 கிராம் தாங்குகிறதா என்று எடைக்கல் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் தரச் சொல்லி கோச் எச்சரித்திருக்கிறார்.