லைலாக் நான்கு வருடமாகப் பூக்கவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி (ஸ்காபரோ, கனடா):
பின்வளவில் வைத்த லைலாக் (கொத்துக் கொத்தாகப் பூக்கும் வாசனைப் பூச்செடி) என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது, இலையும் செழிப்பு, ஆனால் மே மாதம் பக்கத்து வீட்டு வேலியிலிருந்து அந்த வாசம் வரும்போது என் செடியில் ஒரு கொத்துகூட இல்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் வெட்டிவிடுகிறேன், புல்லுக்குப் போடும் உரத்தையே இதற்கும் போடுகிறேன்.

பதில் 1:
அக்கா, அக்டோபரில் வெட்டுவதுதான் காரணம். அடுத்த வருடப் பூமொட்டு இந்தக் கோடையிலேயே கிளை நுனியில் வந்துவிடும். இலை உதிர்ந்ததும் நுனியைப் பாருங்கள், சோடியாக உருண்டு கொழுத்திருப்பது பூ மொட்டு, அதைத்தான் வருடாவருடம் வெட்டி எறிகிறீர்கள். பூ வாடிய கையோடு வெட்டுங்கள், அப்புறம் கத்தரிக்கோலைத் தொடவே வேண்டாம்.

பதில் 2:
புல் உரத்தையும் நிறுத்துங்கள். அதில் நைட்ரஜன் அதிகம், இலைதான் வரும். நாளுக்கு 6 மணி நேர வெயில் படுகிறதா?

கேள்வி கேட்டவர்:
வெயில் நன்றாகவே படும். சரி, இந்த அக்டோபரில் கை வைக்கமாட்டேன்.

பதில் 3:
இடம் குறைவென்றால் 'மிஸ் கிம்' வகை நல்லது, அவ்வளவு உயரம் போகாது. மே கடைசியில் பர்லிங்டன் ராயல் தாவரவியல் பூங்காவுக்கு ஒருமுறை போங்கள், லைலாக்குக்கென்றே ஒரு சரிவு இருக்கிறது, வாசம் பிடித்துப் பார்த்தே வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.