பார்லரில் டிப்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

அக்காமார், தங்கச்சிமார், ஒரு சின்ன உதவி. கனடாவில் இருந்து மச்சாள் வந்து நிற்கிறா, யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பார்லரில் இரண்டு பேருக்கும் பேசியல், அவவுக்குத் தலைக்குக் கலரிங்கும் சொல்லி வைத்திருக்கிறோம். கனடாவில் பார்லர் பில்லில் 15 தொடக்கம் 20 வீதம் டிப்ஸ் வைப்பது வழக்கமாம், முகச் சுருக்கத்துக்கு டொக்டர் போடும் போடொக்ஸ் ஊசி மாதிரி விஷயங்களுக்கு மட்டும் தேவையில்லையாம், இங்கேயும் அப்படியே கொடுக்கப்போறன் என்று நிற்கிறா. பெரிய ஹோட்டல் என்றால் 10 வீதம் சேவைக் கட்டணம் பில்லிலேயே ஏறிவிடும், சரி. பார்லரில்? நான் தலை கழுவிவிடும் பிள்ளையின் கையில் நூறோ இருநூறோ வைத்துவிட்டு வருகிற ஆள். முதலாளி அக்காவே செய்தால் அவவுக்கும் நீட்டலாமா, குறையாக நினைப்பாவா? கவுண்டரில் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருமா? பார்லரில் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கோ, சனிக்கிழமை போகிறோம்.